அஞ்சு நாள் கரண்ட்

அஞ்சே அஞ்சு நாள்! நீங்களே சொல்லுங்கம்மா, இது நியாயமா? அந்தத் தூண் பக்கத்துல தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, தொண்டைக்காரர், தொண்டையில கட்டி... அவருக்கு முப்பத்திமூணு நாள் கரண்ட். சன்னலோரம் நீலச் சால்வை போத்தியிருக்காங்களே அந்த அம்மா, அவங்களுக்கு இருபத்தஞ்சு. என் சம்சாரத்துக்கு மட்டும் அஞ்சு! திங்கக்கிழமை ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வெள்ளி, இப்ப உள்ள இருக்கா, இதோட முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்கங்கறாங்க. ஒரு லிஃப்டுக்கு கயிறு மாத்தறதுக்கே நாங்க ஒரு வாரம் எடுத்துப்போம். அதுல மனுஷங்க உயிரா தொங்குது? சரி, தொங்குதுதான்... அதை விடுங்க.

உக்காருங்க, ஏன் நிக்கறீங்க? அய்யய்யோ, அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை. மூணு நாளா சொல்லிப் பாத்துட்டேன், ஒருத்தரும் காதுல வாங்கலை. இதுல உக்காருங்க. பையை இப்படி வைங்க. வீல்சேர்ல இருக்கறது யாரு, அப்பாவா? தூங்கறாரா? தூங்கட்டும், தூங்கட்டும். அவருக்கு என்ன... வயிறா?

அட! இங்கயும் வயிறுதாம்மா.

அப்ப உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே, மூணு மணி நேரம் முன்னாடியே ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு? வயிறு காலியா இருந்தாத்தான் தெனமும் ஒரே இடத்துல, ஒரே அளவுல இருக்குமாம். குறி தப்பாதாம். என் சம்சாரம் சிரிக்கறா. 'விருந்து சாப்பிட்டுட்டு வந்து படுத்துடப் போறேன்னு பயப்படறாங்க போல'ங்கறா. ரெண்டு ஸ்பூன் சூப்புக்கு மேல உள்ள இறங்கினாத்தானே விருந்து! அவ பட்டினி கிடக்கறப்ப நான் மட்டும் சாப்பிட முடியுமா? முதல் நாள் நானும் பட்டினி. ரெண்டாம் நாள் கீழ போய் ஒரு டீ. மூணாம் நாள் டீயும் பன்னும். பொய் சொல்வானேன், நேத்து ஆம்லெட்டே சாப்பிட்டேன்.

கரண்ட்னு சொல்லக் கூடாதாம், தெரியுமா? அந்த டெக்னீசியன் பையன் இருக்கான், காதுல கடுக்கன் போட்டவன், 'சார், இது கரண்ட் இல்லை, கதிர்'ங்கறான். ஏம்ப்பா, முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான், கரண்ட் எது, கதிர் எதுன்னு எனக்குத் தெரியாதா? ஊரே கரண்ட் வைக்கறதுன்னுதான் சொல்லுது, நானும் சொல்றேன். அதை விடுங்க, அந்தக் கதவைப் பாத்தீங்களா? மூணாம் நம்பர் அறைக் கதவு. இரும்பும் ஈயமுமா ஒரு யானை கனம் இருக்கும். மூடறப்ப கடைசி ஒரு சாண்ல 'கிர்'ருன்னு உரசும். கீழ தண்டவாளத்துல ஏதோ உக்காந்திருக்கு. ஒரு ஸ்க்ரூட்ரைவர் குடுத்தா பத்து நிமிஷம். சொன்னா, 'அதெல்லாம் கம்பெனி ஆள் வருவாங்க சார்'. வருவாங்க, வருவாங்க! அவளை உள்ள படுக்க வெச்சுட்டு, வயித்துல பேனாவால போட்ட கோட்டுக்கு நேரா வெளிச்சம் விழுதான்னு பாத்துட்டு, எல்லாரும் ஓடி வந்துடறாங்க. அவ மட்டும் உள்ள. வெளிய ஒரு டிவியில பாத்துக்கிட்டு மைக்குல 'அசையாதீங்கம்மா'ங்கறான் கடுக்கன். 'நல்லதுன்னா நீ ஏம்ப்பா வெளிய ஓடி வர்றே'ன்னு கேட்டேன். அதுலருந்து என்னைத் தரையில போட்ட மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லிட்டாங்க.

வலிக்குதான்னு கேக்கறீங்களா? வலிக்காதும்மா. ஒண்ணுமே தெரியாதாம். மெஷின் சுத்தி வர்ற சத்தம் மட்டும்தான். அப்பாகிட்ட சொல்லுங்க, பயப்பட ஒண்ணும் இல்லை. பத்து நிமிஷம், படுத்து எழுந்திருச்சா முடிஞ்சது. முன்னாடியே வாந்திக்கு ஒரு மாத்திரை குடுப்பாங்க, அதை மறக்கக் கூடாது. ரெண்டாம் நாள் நாங்க மறந்துட்டோம்... நான்தான் மறந்துட்டேன். ராத்திரி பூரா வாந்தி. ஒரு வாய் தண்ணி தங்கலை. மறுநாள் டாக்டரம்மாகிட்ட, 'உங்க மெஷின் அவ வயித்தைக் கலக்கிடுச்சு'ன்னு சண்டை போட்டேன். அவங்க நிதானமா, 'மாத்திரை எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?'ன்னாங்க. நான் சன்னல் வழியா மரத்தைப் பாத்தேன்.

டாக்டரம்மாவைப் பாத்திருப்பீங்களே? குள்ளமா, கண்ணாடி மூக்கு நுனியில இருக்கும். குரலே எழும்பாது. இப்படிச் சின்னக் குரல்ல பேசறவங்ககிட்ட சண்டை போடறது ரொம்ப கஷ்டம்மா, நம்ம சத்தம் நமக்கே கேக்குது. அஞ்சு நாள் விஷயத்தை அவங்ககிட்டயே கேட்டேனே. 'அவருக்கு முப்பத்திமூணு, எங்களுக்கு அஞ்சா? என்ன கணக்கு இது?' அதுக்கு அவங்க, 'அவருக்கு நோயையே ஒழிக்கப் பாக்கறோம். உங்க வீட்டம்மாவுக்கு நோய் கல்லீரலுக்கும் போயிடுச்சு, ஒழிக்க முடியாது. அது பண்ற தொந்தரவை அடக்கப் பாக்கறோம். ரத்தம் கசியறது நிக்கணும், வலி குறையணும். அதுக்கு அஞ்சு போதும். நாளைக் கூட்டினா அவங்களுக்கு அவஸ்தைதான் கூடும்'னாங்க. 'கதவு உரசுது, பாருங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்.

எப்படி ஆரம்பிச்சுதா? எல்லாருக்கும் ஆரம்பிக்கற மாதிரிதான். ஒரு ரொட்டி சாப்பிட்டாலே 'போதும், வயிறு ரொம்பிடுச்சு'ங்கறா. நான் கேலி பண்ணினேன், 'குருவி வயிறு'ன்னு. அப்புறம் நெஞ்செரிச்சல். நான் மருந்துக் கடையில ஒரு பாட்டில் வாங்கினேன், ரோஸ் கலர்ல இருக்குமே, அது. ஒண்ணு தீர்ந்ததும் ஒண்ணு, நாலு மாசம்! சன்னல்ல காலி பாட்டிலா வரிசை கட்டி நின்னுது. டாக்டர்கிட்ட போகலாமான்னு அவதான் கேட்டா. 'வயசானா கேஸ் வரும்'னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். அப்புறம் வெளிய போறது தார் மாதிரி கறுப்பாப் போக ஆரம்பிச்சதும்தான் ஓடினோம். வாய் வழியா குழாய் விட்டு உள்ள கேமராவுல பாத்தாங்க. பாத்தவங்க மூஞ்சியை நான் பாத்தேன். லிஃப்ட் கயித்துல எந்த இழை அறுந்திருக்குன்னு கண்டுபிடிச்ச மெக்கானிக் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. பக்கத்துல நிக்கற கட்டடத்துக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு நானே அந்த மூஞ்சியை எத்தனை தடவை வெச்சிருக்கேன்.

ஊசி மருந்து நாலு தடவை ஏத்தினாங்க. முடி போச்சு, கட்டி போகலை. அது உள்ள இருந்துக்கிட்டு சொட்டுச் சொட்டா ரத்தம் விட்டுக்கிட்டே இருக்கு. பத்து நாளைக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். ஏத்தின அன்னிக்கு மூஞ்சியில கொஞ்சம் களை வரும், ரேடியோவைப் போடும்பா. அஞ்சாம் நாள் உதடு வெளுக்கும். எட்டாம் நாள் படி ஏறினா மூச்சு வாங்கும். மேல ஊத்த ஊத்தக் கீழ ஒழுகற ஓட்டைப் பானை மாதிரி... அவளைப் போய் பானைங்கறேன் பாருங்க. அவ கேட்டா திருத்துவா.

ஆமா, திருத்தறதுதான் அவ தொழிலே. அச்சகத்துல பிழை திருத்தறவ. இருபத்தேழு வருஷம். புஸ்தகம் அச்சாகறதுக்கு முன்னாடி அந்தத் தாள் எல்லாம் அவகிட்ட வரும். சிவப்புப் பேனாவை வெச்சுக்கிட்டு எழுத்தெழுத்தாப் போவா. மளிகைச் சீட்டைக் குடுத்தாலும் திருத்திட்டுத்தான் கடைக்குக் குடுப்பா. நான் காதலிச்ச காலத்துல எழுதின கடுதாசியெல்லாம் அவகிட்ட இருக்கு, ஒண்ணு விடாம திருத்தி வெச்சிருக்கா. சிரிக்காதீங்க. முதல் கடுதாசியில மட்டும் பதினாலு தப்பு.

இப்ப அவ கையில இருக்கறது என்ன புஸ்தகம்னு கேளுங்க. சமையல் புஸ்தகம்! நானூத்தம்பது பக்கம்! ரெண்டு ஸ்பூன் சூப் இறங்காதவ நானூத்தம்பது பக்கத்துக்கு எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எத்தனை நிமிஷம் வதக்கணும்னு பாத்துக்கிட்டிருக்கா. 'வேற யாருக்காவது குடுத்துடு'ன்னா, 'நூத்து அறுபதாம் பக்கத்துல மாவை ரெண்டு தடவை கொட்டச் சொல்றாங்க. நான் விட்டா யாரு கண்டுபிடிப்பா?'ங்கறா. எழுதின அம்மாவுக்கு முதல் புஸ்தகமாம். வாரா வாரம் போன் பண்ணி, 'உடம்பு எப்படி இருக்கு, பொறுமையா பண்ணுங்க'ம்பாங்க. இருநூத்து அறுபத்தெட்டு பக்கம் முடிச்சிருந்தா. அப்புறம் உக்காந்தா கண்ணை இருட்டிக்கிட்டு வருது.

அப்பத்தான் இந்தக் கரண்ட் பேச்சு வந்துது. உடனே வெச்சிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். மூணு வாரம் லேட்! மூணு வாரம்மா! தேதி குடுக்கறேன், போன்ல சொல்றேன்னாங்க. மூணு வாரம் வீட்டுல சும்மா கிடந்தோம். அதுக்குள்ள ரெண்டு தடவை ரத்தம் ஏத்தியாச்சு. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, குளியலறையில 'தொப்'புன்னு ஒரு சத்தம். ஓடிப் போனா, கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல கிடக்கறா. கதவைத் திறக்க முடியலை, அவ மேலயே இடிக்குது. எத்தனை பேரை லிஃப்ட்ல இருந்து வெளிய எடுத்திருக்கேன், என் வீட்டுக் கதவை எனக்குத் திறக்கத் தெரியலை. கீல் ஆணியைக் கழட்டி, கதவையே பேத்து எடுத்தேன். வெள்ளைத் துணி மாதிரி இருந்தா. தலையில அடிபட்டிருக்குமோன்னு நான் தடவிப் பாக்கறேன், அவ கண்ணைத் திறந்து, 'கதவை எதுக்குக் கழட்டினீங்க?'ங்கறா.

இங்கதான் அவசரப் பிரிவுக்குக் கொண்டாந்தோம். அந்த டூட்டி டாக்டர் பையன் ஃபைலை அவசரமாப் புரட்டிட்டு, 'மூணு வாரம் முன்னாடியே ரேடியேஷனுக்குச் சொல்லியிருக்கே, ஏன் வரலை?'ன்னான். அவ திரும்பி என்னைப் பாத்தா. அந்த நிலைமையில, கையில ரத்தம் ஏறிக்கிட்டிருக்கு, அப்பவும் திரும்பிப் பாத்தா. எனக்கு வந்ததே கோபம்! 'அவங்க எங்க கூப்பிட்டாங்க? ஒரு போன் உண்டா?'ன்னு சத்தம் போட்டேன். நர்சு ஓடி வந்துச்சு. சும்மா விடலாமா? மறுநாளே புகார் எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பக்கம். தொழிற்சங்கத்துல இருந்தப்ப எழுதாத மனுவா? 'தொலைபேசியில் தகவல் தராத ஊழியர் மீது தக்க நடவடிக்கை'ன்னு. வீட்டுல வந்து பெருமையா வேற சொன்னேன். அவ கேட்டுட்டு, 'அந்தக் கவுண்டர் பொண்ணு போன் பண்ணலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?'ன்னா. நான் கதவை மாட்டப் போறேன்னு எழுந்து போயிட்டேன்.

அந்தப் பொண்ணுதான், அதோ... தண்ணி மெஷின் பக்கத்துல, மடியில நோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. திரும்பாதீங்க, திரும்பாதீங்க! இங்க கவுண்டர்ல இருந்த பொண்ணு. நேரம் தவறாம போன் பண்ணி எல்லாருக்கும் தேதி சொல்லும். வந்தவங்களுக்கு வீல்சேர் அதுவே தள்ளும். இப்ப அதைத் தரைக்குக் கீழ பழைய ஃபைல் அடுக்கற அறைக்கு மாத்திட்டாங்க. புகார் வந்திருக்கில்ல? விசாரணை முடியற வரைக்கும் அங்கதான். இன்னிக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. ரெண்டாம் மாடி, சூப்பிரண்டு அறையில. நானும் போகணும். நான்தானே புகார்தாரர்.

மணியா? பதினொண்ணு அஞ்சு. தெரியும், தெரியும். ஏற்கெனவே ஒரு ஆளு வந்து கூப்பிட்டாச்சு. 'சம்சாரம் உள்ள இருக்கா, வெளிய வரட்டும்'னு சொல்லியிருக்கேன். பொய் இல்லையே. உள்ளதான் இருக்கா.

சரி, எதுல விட்டேன்? இந்த அஞ்சு நாளும்... ஆங். முதல் நாள் டாக்டரம்மா அவகிட்டயே நேராக் கேட்டாங்க. என்னைப் பாக்கவே இல்லை. 'உங்களுக்கு என்ன வேணும்?'னு. நான் மனசுக்குள்ள நினைக்கறேன், இது என்ன கேள்வி, குணமாகணும்னுதானே யாரும் சொல்லுவாங்க? இவ கொஞ்சம் யோசிச்சுட்டு, 'மயக்கம் வராம மூணு மணி நேரம் உக்காரணும்'னா. 'தெனமுமா?'ன்னு கேட்டாங்க. 'தெனமும் இல்லாட்டியும் பரவாயில்லை. ஒரு ரெண்டு மாசத்துக்கு. நூத்து எம்பத்திரண்டு பக்கம் இருக்கு'ன்னா. டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. 'பத்துல ஆறேழு பேருக்கு ரத்தம் நிக்குது. உங்களுக்கு நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணுவோம்'னாங்க. பக்கத்துல நான் ஒருத்தன் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்மா, அவளுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கூட நான் கேக்கலை பாருங்க. எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்பவா? முந்தாநேத்துல இருந்து கறுப்பா போகலை. நேத்து ரத்தம் சோதிச்சாங்க, இறங்கலை, அப்படியே நிக்குது. இன்னும் ரெண்டு வாரம் பாத்தாத்தான் சொல்ல முடியும்ங்கறாங்க. அசதி மட்டும் போட்டு அடிக்குது அவளை. ஆனா நேத்து சாயங்காலம் தலகாணியை முதுகுக்குக் குடுத்துக்கிட்டு நாப்பது நிமிஷம் உக்காந்தா. நான் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தேன். ஒன்பது பக்கம் முடிச்சா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? மாடிக்குப் போகலையான்னுதானே? போறேம்மா. கூப்பிட்ட ஆளு மறுபடி வரட்டும், போறேன். அந்தப் பொண்ணு... பாருங்க, அது என்னைப் பாத்து முறைக்கவும் இல்லை. நோட்டைத் திறந்து திறந்து பாத்துக்குது. அதுல எல்லாம் எழுதி வெச்சிருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யாருக்குப் போன் பண்ணினேன்னு. எங்க வீட்டுக்கும் எழுதியிருக்கும். ரெண்டு தடவை.

ஆமா... ரெண்டு தடவை பண்ணிச்சு.

முதல் தடவை நாங்க வாசல் அறையில இருந்தோம். 'ரேடியேஷன் பிரிவுல இருந்து பேசறேன், திங்கக்கிழமை காலையில வரமுடியுமா?'ன்னுச்சு. நான் 'ராங் நம்பர்'னு வெச்சுட்டேன். 'யாரு?'ன்னா இவ. 'ராங் நம்பர்.' ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. மறுபடியும் 'ராங் நம்பர்.' 'ஒரே ஆளு ரெண்டு தடவை தப்பாவா போடுவாங்க?'ன்னா. 'ஊர்ல அறிவு கெட்டவங்களுக்குப் பஞ்சமா?'ன்னேன். சொன்னேம்மா. இந்த வாயால சொன்னேன்.

ஏன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்றேன். முதல் முதல்ல டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்ட அன்னிக்கு இவ ஸ்கேன் எடுத்த அசதியில வெளிய படுத்திருந்தா. நான் மட்டும் உள்ள போனேன். அவங்க அந்தச் சின்னக் குரல்ல எல்லாம் சொன்னாங்க. குணமாகாது, ஆனா ரத்தம் நிக்கலாம்னு. எனக்கு முதல் வார்த்தைக்கு மேல ஒண்ணும் காதுல ஏறலை. குணமாகாதா? அப்ப எதுக்கு? ரிப்பேர் ஆகாத மெஷினுக்கு ஒருத்தன் பெயிண்ட் அடிக்கறேன்னு வந்தா நான் விடுவேனா? 'கண்துடைப்பு வைத்தியம் எங்களுக்கு வேண்டாம்'னேன். 'இப்பவே முடிவு பண்ண வேண்டாம், அவங்ககிட்டயும் பேசுவோம், தேதி போட்டு வைக்கறேன்'னாங்க. 'அவகிட்ட என்ன பேசறது, நான் அவ புருஷன்'னேன். சரின்னு அதோட எழுந்து வந்திருக்கலாமில்ல? யாரும் என்னை எழுதிக் குடுன்னு கேக்கலைம்மா! நானே கவுண்டர்ல போய், இதே பொண்ணுகிட்ட, வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, பேனாவும் அதுகிட்டயே வாங்கி, எழுதிக் குடுத்தேன். 'எங்களுக்கு இந்தச் சிகிச்சை தேவையில்லை. இதை ஏற்க மறுக்கிறோம்'னு. கையெழுத்து, தேதி. அது படிச்சுட்டு, 'சார், அம்மாகிட்ட கேட்டீங்களா?'ன்னுச்சு. 'உன் வேலையைப் பாரு'ன்னேன். ஃபைல்ல வெச்சுக்குச்சு. வெச்சுட்டும் ரெண்டு தடவை போன் பண்ணியிருக்கு பாருங்க, மனசு கேக்காம.

வெளிய வந்து இவகிட்ட, 'உனக்குக் கரண்ட் தேவையில்லைன்னுட்டாங்க'ன்னேன். 'நல்லதா, கெட்டதா?'ன்னா. 'நல்லதுதான்'னேன்.

அந்த மூணு வாரமும் அவ உதட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். வெளுக்க வெளுக்க... சொல்லிடலாம், இன்னிக்குச் சொல்லிடலாம்னு. காலையில டீயோட போவேன், டீயைக் குடுத்துட்டு வந்துடுவேன். குளியலறையில அவ விழுந்தது ஆஸ்பத்திரிக்காரங்களால இல்லைம்மா.

இப்ப, அரை மணி நேரம் முன்னாடி... கடைசி நாளாச்சே, ஃபைலை மொத்தமா எங்க கையில குடுத்தாங்க. அவகிட்ட தாளைக் குடுத்தா சும்மா இருப்பாளா? கைப்பையில இருந்து சிவப்புப் பேனா வெளிய வந்துடுச்சு. முதல் பக்கத்துல இருந்து திருத்திக்கிட்டே வர்றா. 'வயிற்று வலி'க்கு ஒரு எழுத்து விட்டிருக்காங்களாம், 'இந்த ஆஸ்பத்திரியில டைப் அடிக்கறது யாரு?'ங்கறா. நானும் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தத் தாள் அதுல இருக்குன்னு எனக்கு நினைப்பே இல்லை, சத்தியமா. திடீர்னு பேனா நின்னுடுச்சு. எட்டிப் பாத்தேன். என் கையெழுத்து.

படிச்சா. மறுபடி படிச்சா. பேனா ரெண்டு இடத்துல ஓடிச்சு. தாளை உருவி என் மடியில வெச்சா. 'ரெண்டு திருத்தம் இருக்கு, பாத்து வைங்க'ன்னா. அதுக்குள்ள கடுக்கன் பேரைக் கூப்பிட்டுட்டான், எழுந்து போயிட்டா.

இதோ... சட்டைப் பையில வெச்சிருக்கேன். பாருங்க. 'மறுக்கிறோம்'ல சின்ன ர போட்டிருக்கேனாம். அடிச்சுட்டு, ஓரத்துல பெரிய ற. அது சரி. ரெண்டாவது இங்க, முதல் வார்த்தை. 'எங்களுக்கு.' சுத்தி ஒரு வட்டம். எழுதினவங்ககிட்ட சந்தேகம் கேக்கணும்னா பிழை திருத்தறவங்க அப்படித்தான் வட்டம் போட்டு ஓரத்துல கேப்பாங்களாம். என்ன கேட்டிருக்கா பாருங்க.

'யாருக்கு?'

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அழுது புரண்டிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். இதுக்கு என்னம்மா பதில் எழுதறது? அதான் நீங்க வந்து நின்னதும் பிடிச்சுக்கிட்டேன். அஞ்சு நாள் கம்மி, கதவு உரசுதுன்னு... நாற்காலிக்குக் கால் குட்டைன்னு. பேசாம இருந்தா அந்த வட்டம் கண்ணு முன்னால வந்து நிக்குது.

உங்க கையில என்ன தாள் அது? ஒப்புதல் படிவமா? கையெழுத்துப் போடணுமா, வேண்டாமான்னு யோசனையா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அப்பாவுக்கு வாந்தி தாங்குமா, அலைச்சல் தாங்குமா, அதெல்லாம் நிஜமாவே யோசிக்க வேண்டியதுதான். வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பில்லை, டாக்டரம்மாவே சொல்லுவாங்க. அவருக்கு விஷயம் தெரியுமா? ...தெரியாதா? அல்சர்னு சொல்லியிருக்கீங்களா? ...ம். அவர் முழிச்சுக்கிட்டார் போல. இங்கயேதான் பாத்துக்கிட்டிருக்கார். ரொம்ப நேரமாவே முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரோ என்னவோ. என் தொண்டை வேற கொஞ்சம் பெரிசு.

எங்க, எழுந்துட்டீங்க? அவர்கிட்டயா? போங்க, போங்க. ...அம்மா, பை! பையை விட்டுட்டுப் போறீங்க! ...காதுல விழலை.

போகட்டும். பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. தாளை அவர் மடியில விரிச்சு வைக்கறாங்க. அவர் கண்ணாடி கேக்கறார் பாரு. என்ன பை, நீயாவது கேக்கறியா? நீ எழுந்து போக மாட்டேல்ல? உன்கிட்ட சொல்றதுக்கென்ன... மாடிக்குப் போய், 'அந்தப் பொண்ணு மேல தப்பில்லை, ராங் நம்பர்னு சொன்னவன் நான்தான்'னு சொல்லணும். ஒரே வரிதான். இவ்வளவு நேரமா பேசியிருக்கேன், அந்த ஒரு வரி வர மாட்டேங்குது. சூப்பிரண்டு என்ன பண்ணுவாரு, தூக்கிலயா போடுவாரு? அதெல்லாம் பயம் இல்லை. அந்தப் பொண்ணு என்னை நிமிந்து பாக்குமே, அதான்.

'கிர்'ருங்குது... கதவு. அவதான். கடுக்கன் கையைப் பிடிச்சுக்க வர்றான், வேண்டாம்ங்கறா. சுவத்தைத் தொட்டுக்கிட்டே வர்றா. நான் போய்... இல்லை, இந்தப் பக்கம் பாக்கவே இல்லையே. எங்க போறா? அந்தப் பக்கம் பாத்ரூம் கூட இல்லையே... ஐயோ. நேரா தண்ணி மெஷின் பக்கம் போறா. அந்தப் பொண்ணு எழுந்துக்குது. இவ அதோட தோளை அழுத்தி உக்கார வைக்கறா, இவளும் பக்கத்துல உக்காந்துட்டா. என்னமோ சொல்றா. அது நோட்டைத் திறந்து காட்டுது. ரெண்டு பேரும் குனிஞ்சு படிக்கறாங்க.

இப்ப நிமிந்துட்டா. கையைக் காட்டறா. என்னைத்தான்.

சரி. வர்றேன் பை, உங்க அம்மா வந்தா சொல்லிடு. அங்க இருக்கறதே ரெண்டு நாற்காலி. நின்னுக்கிட்டுத்தான் சொல்லணும் போலிருக்கு.